டெண்டரில் நியாயம் எவ்வளவு? ஃபஸி லாஜிக் கண்காணிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு டெண்டர்களில் போட்டி உண்மையாக நடந்ததா என்று பார்க்க ஃபஸி லாஜிக் உதவும் என்று சொன்னால் போதும், உடனே கேள்விகள் வரும். தணிக்கைப் பிரிவில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். தகவல் உரிமை மனு போடுபவர்கள், சிறு ஒப்பந்ததாரர்கள், கணினி படிக்கும் மாணவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டு டெண்டர் நடைமுறையிலிருந்து வருபவை. நான் அதிகம் புரட்டியது அந்தத் தாள்களைத்தான்.

ஃபஸி லாஜிக் என்றால் என்ன? கணக்குத் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுபவரிடம் "பாகு வந்துவிட்டதா, இல்லையா?" என்று கேட்டால், "இன்னும் கொஞ்சம்", "கிட்டத்தட்ட", "இப்போது சரி" என்றுதான் பதில் வரும். பதம் படிப்படியாக வருகிறது. அந்தப் படிகளுக்கு நம்மிடம் சொற்களும் இருக்கின்றன. சாதாரணக் கணினித் தர்க்கத்துக்கு 0 அல்லது 1 மட்டும்தான் தெரியும். இடையில் உள்ள படிகளையும், அதாவது 0.3, 0.7 போன்ற அளவுகளையும், கணக்குக்குள் கொண்டுவருவதுதான் ஃபஸி லாஜிக்.

அஜர்பைஜானின் பாகு (Baku) நகரில் பிறந்து அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த லோட்ஃபி ஸாதே 1965-ல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து இது தொடங்கியது. 1970களின் நடுவில் லண்டனில் எப்ராஹிம் மாம்தானி இதே முறையில் ஒரு சிறிய நீராவி எந்திரத்தை இயக்கிக் காட்டினார். அந்த எந்திரத்துக்கு அவர் கொடுத்தவை, அனுபவமுள்ள ஆபரேட்டர் பேசுவது போன்ற "அழுத்தம் கொஞ்சம் அதிகமானால் சூட்டைச் சற்றுக் குறை" என்கிற மாதிரி விதிகள். 1987-ல் ஜப்பானின் செண்டாய் நகரச் சுரங்க ரயில் இந்த முறையில் ஓடத் தொடங்கியது. அப்புறம் வாஷிங் மெஷின் வரைக்கும் வந்துவிட்டது.

இதற்கும் டெண்டருக்கும் என்ன சம்பந்தம்?

டெண்டர் விதிகள் எல்லாம் ஒரு கோட்டைப் போட்டு, அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று கேட்பவை. கோடு தேவைதான். கோடு இல்லாமல் சட்டம் இல்லை. ஆனால் முறைகேடு செய்பவர் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓரமாக நின்றுகொள்வார்.

ஒரு கோட்டை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ல் வந்தது, அதற்கான விதிகள் 2000-ல் வந்தன. அந்த விதிகளின்படி, 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்கு அறிவிப்பு வெளியானதிலிருந்து குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். 2 கோடிக்கு மேல் என்றால் 30 நாள். குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவுசெய்து அனுமதிக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் ஒரு வேலையின் மதிப்பீடு 1 கோடியே 98 லட்சம் என்று வந்தால்? 15 நாள் போதும், விதி மீறப்படவில்லை. ஒரு டெண்டர் அப்படி வந்தால் அது தற்செயலாக இருக்கலாம். ஒரே அலுவலகத்தில் ஒரே வருடத்தில் எட்டு வேலைகள் 1.95 கோடிக்கும் 2 கோடிக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தால் அதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது.

கோட்டை மட்டும் பார்க்கும் சரிபார்ப்பு இந்த எட்டுக்கும் "சரி" என்று டிக் போட்டுவிடும். கோட்டை எவ்வளவு ஒட்டி நிற்கிறது என்று அளக்கத் தெரிந்த முறை வேண்டும். அதற்காகத்தான் ஃபஸி லாஜிக்.

செட்டப் டெண்டர், அதாவது முன்கூட்டியே பேசிவைத்துப் போட்ட டெண்டர், தாளில் எப்படித் தெரியும்?

பெரும்பாலும் ஒரு தாளில் தெரியாது. நாலு தாளைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

நான் ஒரு முறை தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய ஒரு சின்ன சாலை வேலையின் கோப்பைச் சொல்கிறேன். அலுவலகம் எது என்பது இங்கே தேவையில்லை. மூன்று பேர் டெண்டர் போட்டிருந்தார்கள். மூவரும் தகுதி பெற்றார்கள், குறைந்த விலை கேட்டவருக்கு வேலை போனது. எல்லாம் முறைப்படி. டெண்டரோடு கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகைக்கு மூவரும் இணைத்திருந்த வங்கி டிடி நகல்களை மேசையில் வரிசையாக வைத்தேன். ஒரே கிளை, ஒரே தேதி, அடுத்தடுத்த எண்கள். அப்புறம் விலைப் பட்டியலைப் பார்த்தேன். 'ஜல்லி' என்ற சொல்லில் மூன்று தாளிலும் புள்ளி விட்டுப்போய் 'ஜலலி' என்று இருந்தது. மூவருக்கும் ஒரே இடத்தில் கை தவறுமா? அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் தெருவில் நாலாவதாக ஒருவர் நியாயமாகப் போட்டியிட்டிருந்தால் ஊராட்சிக்கு எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்றே மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

டிடி எண் மாதிரி பளிச்சென்ற தடயம் எப்போதும் கிடைக்காது. பெரும்பாலும் கிடைப்பவை மெல்லிய அறிகுறிகள். கொஞ்சப் பேர்தான் போட்டி போட்டிருப்பார்கள். எல்-1 விலை, அதாவது வந்ததில் மிகக் குறைந்த விலை, எஸ்டிமேட்டிலிருந்து (மதிப்பீட்டிலிருந்து) 'லெஸ்' (குறைவு) என்று சொல்லும்படி கீழே இறங்கியே இருக்காது. தோற்றவர்களின் விலைகள் ஜெயித்தவர் விலைக்கு மேலே வரிசையாக, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இந்த மாதம் தோற்றவர் அடுத்த மாதம் ஜெயிப்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயமான விளக்கம் இருக்க முடியும். எல்லாம் சேர்ந்து வரும்போதுதான் பொருள் மாறுகிறது.

எண்களை வைத்து ஒரு உதாரணம் காட்ட முடியுமா?

காட்டுகிறேன். இது கற்பனை டெண்டர். பள்ளிச் சுற்றுச்சுவர், மதிப்பீடு 50 லட்சம், அவகாசம் 15 நாள். மூன்று பேர் போட்ட விலைகள் 49.40 லட்சம், 49.90 லட்சம், 50.20 லட்சம்.

முதலில் கோடு போட்டுப் பார்க்கும் முறை. மூன்று பேர் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். 15 நாள் கொடுத்தார்களா? கொடுத்தார்கள். எல்-1 மதிப்பீட்டுக்குள் வந்ததா? வந்தது. மூன்றும் சரி, கோப்பை மூடிவிடலாம்.

இப்போது ஃபஸி முறை. நான்கு விஷயங்களை 0-விலிருந்து 1 வரை அளக்கிறோம்.

'போட்டி குறைவு' என்பது ஒருவர் மட்டும் வந்தால் 1, ஐந்து பேர் வந்தால் 0. மூவருக்கு 0.5 என்று வைத்துக்கொள்வோம். 'அவசரம்' என்பது 10 நாள் அல்லது குறைவாக இருந்தால் 1, 20 நாள் ஆனால் 0. ஆகவே 15 நாளுக்கு 0.5. 'எஸ்டிமேட்டை ஒட்டிய விலை' என்பது எல்-1 வெறும் 1% லெஸ் என்றால் 1, 6% லெஸ் என்றால் 0. இங்கே 1.2% லெஸ், அதனால் 0.96. 'நெருக்கமான விலைகள்' என்பது கீழ் விலைக்கும் மேல் விலைக்கும் வித்தியாசம் 1% என்றால் 1, 5% என்றால் 0. இங்கே வித்தியாசம் 80 ஆயிரம், அதாவது சுமார் 1.6%. ஆகவே 0.85.

அடுத்து விதிகள். அனுபவமுள்ள தணிக்கையாளர் வாயால் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளலாம்:

போட்டி குறைவாகவும் விலை எஸ்டிமேட்டை ஒட்டியும் இருந்தால், உடனே பார்.
விலைகள் நெருக்கமாகவும் எஸ்டிமேட்டை ஒட்டியும் இருந்தால், உடனே பார்.
அவசரமும் குறைந்த போட்டியும் சேர்ந்தால், கவனி.
போட்டி போதுமான அளவு இருந்து, விலையும் எஸ்டிமேட்டிலிருந்து நன்றாக இறங்கியிருந்தால், சாதாரணம்.

ஒரு விதியில் இரண்டு நிபந்தனை சேர்ந்தால் அவற்றில் சின்ன எண்ணை எடுத்துக்கொள்வது வழக்கம். முதல் விதி 0.5, இரண்டாவது 0.85, மூன்றாவது 0.5. நான்காவது விதிக்கு எதிர்ப்பக்க அளவுகள் வேண்டும், அவற்றை 1-லிருந்து கழித்து எடுக்கிறோம்: 'போட்டி போதும்' 0.5, 'விலை இறங்கியது' வெறும் 0.04, எனவே 0.04. 'உடனே பார்' என்று இரண்டு விதிகள் சொல்வதால் அவற்றில் பெரியதான 0.85-ஐ எடுக்கிறோம். 'உடனே' என்பதற்கு 90, 'கவனி'க்கு 50, 'சாதாரண'த்துக்கு 10 என்று மதிப்பு வைத்து எடையிட்ட சராசரி போட்டால், அதாவது ஒவ்வொரு மதிப்பையும் அதன் விதியின் எண்ணால் பெருக்கிக் கூட்டி அந்த எண்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால், கிடைப்பது 73.

இதே டெண்டர், இதே 15 நாள், இதே மூன்று பேர். விலைகள் மட்டும் 44.50, 47.80, 51.20 லட்சம் என்று இருந்தால்? எல்-1 11% லெஸ், மேலும் கீழும் 15% வித்தியாசம். முதல் இரண்டு விதியும் பூஜ்யமாகிவிடும், மதிப்பெண் 30. கோடு போட்டுப் பார்த்தால் இரண்டு டெண்டரும் ஒன்றுதான். ஃபஸி முறையில் ஒன்று 73, இன்னொன்று 30. 400 கோப்புகள் வரிசையில் நிற்கும்போது எதை முதலில் திறப்பது என்று இது சொல்லிவிடுகிறது.

73 என்றால் ஊழல் நடந்திருக்க 73% வாய்ப்பு என்று அர்த்தமா?

இல்லை. இதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் ஒரு மனிதரின் பெயர் கெட்டுவிடும், அதனால் அழுத்திச் சொல்கிறேன். அந்த எண் நிகழ்தகவு அல்ல. நாம் எழுதிவைத்த கவலைகளோடு இந்த டெண்டர் எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு மட்டும்தான். 73 வந்த கோப்பைத் திறந்து படித்துவிட்டு "இதில் ஒன்றுமில்லை" என்று மூடவும் நேரும். மதிப்பெண்ணைக் காரணமாகக் காட்டி யாரையும் கறுப்புப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அப்படிச் செய்பவருக்கு இந்தக் கருவியைக் கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

5% ஏன், 6% ஏன்? இந்த எல்லைகளை யார் முடிவு செய்வது?

இந்த முறையின் மேல் வைக்கப்படும் சரியான விமர்சனம் இதுதான். எல்லைகள் மனிதரின் கருத்து. அதை மறைக்காமல் எழுதி வைக்க வேண்டும். பொறியாளர், தணிக்கையாளர், ஒப்பந்ததாரர் மூன்று பேரையும் உட்காரவைத்துப் பேசித்தான் எல்லை போட வேண்டும். அதைப் பழைய டெண்டர்களில் ஓட்டியும் பார்க்க வேண்டும்.

தார்ச்சாலை டெண்டர்களில் வரும் ஒரு நிபந்தனை இதற்கு நல்ல உதாரணம். வேலை நடக்கும் இடத்திலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் ஹாட் மிக்ஸ் பிளாண்ட் (சூடான தார்க்கலவை தயாரிக்கும் ஆலை) இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. சூடான தார்க்கலவை ஆறுவதற்குள் கொட்டி உருட்டியாக வேண்டும். ஆறிப்போன கலவையில் போட்ட சாலை சீக்கிரம் பெயர்ந்துவிடும். ஆனால் அந்தத் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் அந்த வட்டத்துக்குள் ஒரே ஒருவரின் பிளாண்ட்தான் இருக்கும். எந்தக் கிலோமீட்டரில் அது தரத்துக்கான நிபந்தனையாக இருந்து ஆளுக்கான நிபந்தனையாக மாறுகிறது? அப்படி ஒரு ஒற்றைப் புள்ளியே கிடையாது, அது மெல்ல மெல்ல மாறுகிறது. இதை ஆம்-இல்லையில் அடைக்கப் பார்த்தால் ஒன்று சாலை கெடும், இல்லை போட்டி கெடும். அந்த வட்டத்துக்குள் எத்தனை பிளாண்ட் இருக்கிறது என்பதை எண்ணி, அதையும் ஒரு அளவாகச் சேர்க்கலாம்.

எல்லையைக் கொஞ்சம் நகர்த்தினால் முடிவு தலைகீழாகிவிடுமா என்றும் கேட்கிறார்கள். மேலே சொன்ன சுற்றுச்சுவரில் 6% என்ற எல்லையை 4% ஆக்கிப் பாருங்கள். 73 என்பது 72 ஆகிறது, அவ்வளவுதான். ஒரு எல்லையை லேசாக அசைத்ததும் மதிப்பெண் குதித்தால் விதிகள் சரியாக எழுதப்படவில்லை என்று அர்த்தம். புது அமைப்பு எதையும் இப்படி அசைத்துப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவு இருக்கும் காலத்தில் இது எதற்கு?

இயந்திரக் கற்றலுக்கு ஏற்கெனவே தீர்ப்பான உதாரணங்கள் வேண்டும். 'இது சிண்டிகேட் (கூட்டுச் சேர்ந்து பேசிவைத்தது), இது இல்லை' என்று நிரூபணமான டெண்டர்கள் எத்தனை இருக்கின்றன? மிகக் கொஞ்சம். மாட்டியவர்களை வைத்துப் பழக்கினால், மாட்டியவர்களைப் போல இருப்பவர்களை மட்டும்தான் அது தேடும்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரியது. ஒப்பந்ததாரர் வந்து "என் டெண்டரை ஏன் எடுத்தீர்கள்?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும். ஃபஸி விதி தமிழ் வாக்கியமாகவே இருக்கிறது. "விலைகள் நெருக்கம் 0.85, எஸ்டிமேட்டை ஒட்டியது 0.96, அதனால்" என்று காட்டலாம், அவரும் மறுத்துப் பேசலாம். நீதிமன்றத்திலும் அதை வாசித்துக் காட்ட முடியும்.

இதன் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். அளவுகள் கூடக்கூட விதிகள் பெருகும். நான்கு அளவு, ஒவ்வொன்றுக்கும் மூன்று படி என்றால் முழுப் பட்டியலில் 81 விதிகள். ஆறு அளவு ஆனால் 729. அதை யாரும் படித்துச் சரிபார்க்க மாட்டார்கள். நாலைந்து அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வேறு நாடுகளில் இப்படிக் கண்காணிக்கிறார்களா?

டெண்டர் தரவை வைத்து மதிப்பெண் போடுவது புதிது அல்ல. தென்கொரியாவின் நியாய வர்த்தக ஆணையம் 2006-லிருந்து 'பிரியாஸ்' என்ற அமைப்பை வைத்திருக்கிறது. அரசு நிறுவனங்களின் ஏலத் தரவை வாங்கி, விலை விகிதம், எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் போன்றவற்றுக்கு எடை கொடுத்து, கூட்டுச் சதி அறிகுறி அதிகமுள்ளவற்றைப் பிரித்தெடுக்கிறது. அது ஃபஸி லாஜிக் அல்ல, ஆனால் நோக்கம் ஒன்றுதான்.

விலை நெருக்கத்துக்கு ஏன் இவ்வளவு எடை கொடுக்கிறேன் என்று கேட்பவர்கள் ஸ்விட்சர்லாந்தின் டிசினோ மாநிலத்தைப் பார்க்க வேண்டும். அங்கே சாலைத் தார் போடும் நிறுவனங்கள் 1999 முதல் 2005 வரை வேலைகளைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டன. பிற்பாடு அந்த ஏலங்களை ஆராய்ந்தபோது, கூட்டணி இருந்த வருடங்களில் விலைகள் ஒன்றோடொன்று ஒட்டி இருந்ததும், கூட்டணி உடைந்த பிறகு பரவலாகப் பிரிந்ததும் தெளிவாகத் தெரிந்தது. பேசிவைத்து விலை போடுகிறவர்களுக்கு இயல்பான ஏற்ற இறக்கத்தை நடிக்க வரவில்லை.

உக்ரைனில் 2016 ஆகஸ்டிலிருந்து பெரும்பாலான அரசுக் கொள்முதல் 'புரோஸோரோ' என்ற இணையத்தளம் வழியாக நடக்கிறது. யார் என்ன விலை போட்டார்கள் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்தத் தரவை வைத்துக் குடிமக்களே குறை சொல்ல 'டோஸோரோ' என்று தனித் தளமும் இருக்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

நேர்மையான ஒப்பந்ததாரர் இதில் மாட்டிக்கொள்ள மாட்டாரா?

கவனமில்லாமல் வைத்தால் மாட்டிக்கொள்வார். புயல் அடித்து ஊர் தண்ணீரில் நிற்கும்போது மோட்டார் வாங்கினால் ஒருவர்தான் வருவார், நாளும் ஐந்துதான் இருக்கும். இயற்கைப் பேரிடர் மாதிரி அவசரத்துக்கும், ஒரே இடத்தில் மட்டும் கிடைக்கும் பொருளுக்கும் தமிழ்நாட்டுச் சட்டத்தின் 16-வது பிரிவே விலக்கு தருகிறது. மலைக்கிராம வேலைக்கும் அப்படித்தான், லாரிக் கூலியை நினைத்தே பலர் வர மாட்டார்கள். அதனால் சமவெளிக்கும் மலைக்கும் ஒரே எல்லை போடாதீர்கள். பேரிடர்க் கொள்முதலைத் தனிக் குவியலாக வைத்து, அவசரம் நிஜமா என்று மனிதர் பார்க்கட்டும்.

அளவுகோல் தெரிந்துவிட்டால் அதற்கேற்ப நடிக்க மாட்டார்களா?

நடிப்பார்கள். விலைகளை வேண்டுமென்றே பரப்பிப் போடுவார்கள், டம்மி ஆட்களை ஐந்தாக்குவார்கள். ஒரு அளவில் நடிப்பது சுலபம். நாலைந்து அளவிலும் ஒரே நேரத்தில், வருடக்கணக்கில் நடிப்பது கஷ்டம், செலவும் கூட. யார் யாரோடு சேர்ந்து வருகிறார்கள், முறைவைத்து ஜெயிக்கிறார்களா என்பது வருடக் கணக்கில் தெரிந்துவிடும். விதிகளைப் பகிரங்கமாக வைத்துவிட்டு, எல்லைகளை வருடம் ஒருமுறை திருத்துவதுதான் சரி என்று நினைக்கிறேன்.

விலை குறைவாக வந்தால் நியாயம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

முடியாது. 30% லெஸ் போட்டு எடுத்தவர் சிமெண்டில் குறைப்பார், அல்லது பாதியில் கூடுதல் வேலை என்று எஸ்டிமேட்டைத் திருத்தச் சொல்வார். அளவுக்கு மீறி இறங்கிய விலைக்கும் தனியாக ஒரு விதி எழுதுங்கள்.

மென்பொருளுக்கு எவ்வளவு செலவாகும்?

மேலே போட்ட கணக்கு முழுவதையும் ஒரு எக்செல் தாளில் போடலாம். பைத்தான் தெரிந்தால் இலவச நூலகங்கள் இருக்கின்றன. செலவெல்லாம் தரவைச் சுத்தம் செய்வதில்தான். ஒரே ஒப்பந்ததாரர் பெயர் ஒரு கோப்பில் முன்னெழுத்தோடு இருக்கும், இன்னொன்றில் இல்லாமல் இருக்கும், மூன்றாவதில் மனைவி பெயரில் இருக்கும். ஸ்கேன் செய்த மங்கலான பிடிஎஃப்பிலிருந்து எண்களைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டிவரும். பத்து நாள் வேலையில் எட்டு நாள் இதற்கே போகும், மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

நான் அதிகாரி இல்லை. எங்கே தொடங்கலாம்?

உங்கள் ஊராட்சி அல்லது நகராட்சியில் கடந்த இரண்டு வருடத்தில் நடந்த ஒரே வகை வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், சிமெண்ட் சாலை என்று வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு அரசின் டெண்டர் தளத்தில் அறிவிப்புகளைத் தேடுங்கள். கிடைக்காததற்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் "டெண்டர் விவரம் தருக" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். மதிப்பீட்டுத் தொகை, அறிவிப்பு வெளியான தேதி, கடைசித் தேதி, கலந்துகொண்ட ஒவ்வொருவரும் போட்ட விலை அடங்கிய ஒப்பீட்டுப் பட்டியல், முன்வைப்புத் தொகைக்கான ஆவணங்களின் நகல் என்று தனித்தனியாக எண் போட்டுக் கேளுங்கள்.

நகல் கைக்கு வந்ததும் டிடி எண்களை முதலில் பாருங்கள்.